பெயர் சுட்டா எழுத்து: அந்தரங்க நாட்குறிப்பின் அறம்

(நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு, சிங்கப்பூர்)

சிங்கப்பூரில் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் அச்சேறிய தமிழைப் பற்றிப் பேசுவது வழக்கம். 1887இல் சதாசிவப் பண்டிதரின் அந்தாதிகளும் ‘சிங்கை நேசன்’ வார இதழும் வெளிவந்த நாள்தொட்டு நாம் என்னென்ன பதிப்பித்தோம் என்பதை எனக்கு முன் இங்கே வந்த பலர் நன்றாகவே பேசியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது அச்சேறாத எழுத்து. தலையணைக்கு அடியிலும் அலமாரியில் சேலை மடிப்புக்குள்ளும், இப்போது கைப்பேசியிலும் கிடக்கிற சொந்த நாட்குறிப்பு. அதிலும் காதல், மணவாழ்க்கை, பிரிவு, உடல், ஆசை, ஊடல் என்று வீட்டுக் கதவுக்கு உள்ளே நடப்பவற்றை எழுதி வைக்கும் நாட்குறிப்பு. அதை எழுதலாமா, எழுதினால் எந்த நெறியில் எழுதலாம், எழுதியதை என்ன செய்யலாம் என்ற மூன்று கேள்விகளுக்கு எனக்குத் தோன்றும் விடைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

1. தேக்காவும் பிரிவின் எழுத்தும்

இந்த ஊரில் பிறந்த நாட்குறிப்பு நூல்களில் என்னை மிகவும் பாதித்தது ஒரு வங்காளதேசக் கட்டுமான ஊழியர் எழுதியது. எம்.டி. ஷரிஃப் உத்தின் 2008இல் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர். வேலை முடிந்த நேரங்களில் வங்க மொழியில் தாளில் எழுதிச் சேர்த்ததை 2017இல் லேண்ட்மார்க் புக்ஸ் பதிப்பகம் ‘ஸ்ட்ரேஞ்சர் டு மைசெல்ஃப்’ என்ற ஆங்கில நூலாக வெளியிட்டது. மறு ஆண்டு அது புனைவல்லாத நூலுக்கான சிங்கப்பூர் புத்தக விருதைப் பெற்றது. 2020இல் கொவிட் காலத்தில் தங்குவிடுதிகள் மூடப்பட்டபோது எழுதியவை 2021இல் இரண்டாவது நூலாயின.

இந்த எழுத்துக்குப் பின்னால் ஓர் இடமும் உண்டு. தேக்காவில் ரோவல் ரோட்டுக் கடைவீடு ஒன்றில், ‘பங்ளார் கண்ட்ட’ இதழின் ஆசிரியர் ஏ.கே.எம். மோசின் 2011இல் ‘திபாஷ்ரம்’ என்ற கூடத்தைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியர்கள் அங்கே வந்து பாடினார்கள், எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். 2014இல் வெளிநாட்டு ஊழியர்க்கான கவிதைப் போட்டியும் தொடங்கியது. பின்னர் அதில் தமிழிலும் எழுதினார்கள்.

ஊழியர் எழுதுவதில் பெரும்பகுதி ஏன் மனைவியைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் இருக்கிறது? வேலை அனுமதியின் நிபந்தனைகளைப் படித்தால் விடை கிடைக்கும். வேலை அனுமதியில் இருப்பவர் மனைவி மக்களை இங்கே அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. அதற்கு மேல்நிலை வேலை அட்டையும் மாதம் குறைந்தது 6,000 வெள்ளிச் சம்பளமும் வேண்டும். சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினால் மனிதவள அமைச்சின் ஒப்புதல் வேண்டும். இல்லப் பணிப்பெண் கர்ப்பமானால் பொதுவாக ஊர் திரும்ப வேண்டியதுதான். ஒருவருடைய அந்தரங்க வாழ்க்கை ஓர் அனுமதிச் சீட்டின் விதிகளால் தீர்மானிக்கப்படும்போது, அவர் இரவில் எழுதும் ‘இன்று அவளிடம் பேசினேன்’ என்ற ஒரு வரியும் சமூக ஆவணமாகிவிடுகிறது. இந்த நகரத்தின் அடுக்குமாடிகளின் உயரம் அரசுக் கோப்புகளில் இருக்கும். அவற்றைக் கட்டியவர்கள் எத்தனை ஆண்டுகள் துணையில்லாமல் தூங்கினார்கள் என்பது இப்படிப்பட்ட நோட்டுகளில் மட்டும்தான் இருக்கும். ஆகவே, எழுதலாமா என்ற முதல் கேள்விக்கு என் விடை: எழுதத்தான் வேண்டும்.

2. யாருடைய ஏடு பிழைக்கிறது?

தமிழில் நாட்குறிப்பு என்றதும் எல்லோரும் ஆனந்தரங்கப் பிள்ளையைச் சொல்வோம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக இருந்த அவர் 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில் இறக்கும் வரை, இடையிடையே விட்டுப்போனாலும், எழுதிக்கொண்டே இருந்தார். 1846இல்தான் அந்த ஏடுகள் வெளியுலகக் கண்ணில் பட்டன. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தன. ஆளுநர் தூய்ப்ளே தனிமையில் சொன்னவை, ஆளுநரின் மனைவி மீது பிள்ளைக்கு இருந்த கசப்பு, தம் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் அதில் உண்டு. பின்னாளில் பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களை எழுதியதும் அந்த ஏடுகளின் பலத்தில்தான். பிள்ளையின் எழுத்து பிழைத்ததற்கு அவருடைய செல்வமும் பதவியும் வாரிசுகளும் காரணம். அந்த வீட்டுப் பெண்களில் யாராவது எதையாவது எழுதி வைத்திருந்தால் அது நம் கைக்கு வரவில்லை.

இலண்டனில் இதற்கு இன்னும் துலக்கமான சான்று இருக்கிறது. கடற்படை அலுவலரான சாமுவேல் பெப்பிஸ் 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். பிற பெண்களோடு தமக்கிருந்த தொடர்பை அயல்மொழிச் சொற்கள் கலந்து மறைத்து எழுதினார். அந்த ஏடுகளை அழகாகக் கட்டடம் கட்டி, கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றுக்குச் சேரும்படி செய்தார். அவர் மனைவி எலிசபெத்தும் எழுதினார். வீட்டில் தனித்துக் கிடக்கும் தம் வாழ்க்கையின் வருத்தத்தை ஒரு தாளில் எழுதி 1663 ஜனவரியில் கணவரிடம் படித்துக் காட்டினார். வெளியார் கண்ணில் பட்டால் மானம் போகும் என்று பெப்பிஸ் அதை அவர் கண்முன்னாலேயே கிழித்துப் போட்டார். கிழித்த செய்தியையும் அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்ததால்தான் எலிசபெத் எழுதினார் என்பதே நமக்குத் தெரிகிறது.

கணவரின் இரகசியம் கல்லூரி நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. மனைவியின் வருத்தம் அன்றைக்கே குப்பைக்குப் போயிற்று. நம் வீடுகளில் மட்டும் வேறு என்ன நடந்தது? பாட்டி இறந்த பதினாறாம் நாள் அலமாரியைக் காலி செய்யும்போது நகையும் பட்டும் பங்கு பிரிக்கப்படுகின்றன. கணக்கு நோட்டு பழைய பேப்பர்க்காரரிடம் போகிறது. அந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் என்ன இருந்தது என்று யார் புரட்டிப் பார்த்தோம்?

3. அகத்தின் பழைய விதி

எழுதுவது நல்லது என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடாது. அந்தரங்க வாழ்க்கையை ஒருவர் தனியாக வாழ்வதில்லை. என் மணவாழ்க்கையை நான் எழுதினால் என் துணையின் வாழ்க்கையையும் சேர்த்தே எழுதுகிறேன். அவர் என்னிடம் பேனாவைக் கொடுக்கவில்லை.

இதற்கு வழி தேடி நாம் வெளியே போக வேண்டியதில்லை. காதலைப் பாடும் அகப்பாட்டில் யாரையும் பெயர் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்றுதான் வரலாம். போரையும் கொடையையும் பாடும் புறப்பாட்டில் பெயர் வரலாம், ஊர் வரலாம். இந்த விதியை நம் முன்னோர் எவ்வளவு கண்டிப்பாகப் பிடித்தார்கள் என்பதற்கு நெடுநல்வாடை சான்று. கணவனைப் பிரிந்த அரசியின் வாடையைப் பாடும் பாட்டு அது. எந்த அரசன் பெயரும் அதில் இல்லை. ஆனால் பாசறையில் வேலின்மேல் கட்டிய வேம்பைப் புலவர் குறிப்பிடுகிறார். வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதால், உணர்ச்சியெல்லாம் அகமாயிருந்தும் உரைகாரர் அதைப் புறம் என்றார்.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. நம் ஊரோ சின்ன ஊர். புளோக் எண்ணும், இறங்கும் எம்ஆர்டி நிலையமும், பிள்ளை படிக்கும் தொடக்கப்பள்ளியும் சொல்லிவிட்டால் பெயர் எதற்கு? இங்கே வேம்பு எங்கும் முளைத்துக் கிடக்கிறது. தமிழ்ச் சமூகத்துக்குள் என்றால் கேட்கவே வேண்டாம். திருமண மண்டபத்தில் பந்தி முடிவதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது ஊரார் கோபித்துக்கொண்டதையும், சில மாதங்கள் ஊருக்குள் போக முடியாமல் போனதையும் அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். எழுதப்பட்டவர்கள் தங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். பிற்பாடு அதே ஊர்ப் பிள்ளைகள் படித்து விளக்கிய பிறகு அந்த நூலைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டம் இதில் பாதி வழிதான் துணைக்கு வரும். ஒருவருடைய அந்தரங்கப் படத்தை அவர் இசைவின்றிப் பரப்புவதும், பரப்புவேன் என்று மிரட்டுவதும் 2020 ஜனவரி முதல் சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். படத்துக்குப் போட்ட வேலி அதே உயரத்தில் சொல்லுக்குப் போடப்படவில்லை. அந்த இடைவெளியை எழுதுகிறவரின் மனசாட்சிதான் நிரப்ப வேண்டும்.

4. யார் பெயரைச் சொல்லலாம்?

பெயர் சுட்டாமை என்ற இந்த விதிக்கு இரண்டு எல்லைகளை நான் வகுக்கிறேன்.

முதலாவது, தன் பெயரைச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. கண்ணதாசன் ‘வனவாச’த்தில் தம் சறுக்கல்களை ஒளிக்காமல் எழுதினார்; தம்மை ‘அவன்’ என்று தள்ளி நிறுத்தி எழுதினார். திருநங்கையாகத் தாம் வாழ்ந்த வாழ்க்கையை அ. ரேவதி எழுதியபோது அது முதலில் 2010இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக வந்தது. மறு ஆண்டுதான் ‘வெள்ளை மொழி’ என்று தமிழில் வந்தது. தன் உடலைப் பற்றித் தன் பெயரில் தன் மொழியில் பேச எவ்வளவு துணிவு வேண்டும் என்று அந்த வரிசையே காட்டுகிறது. சிங்கப்பூரில் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு 2023 ஜனவரியில்தான் நீங்கியது. அதுவரை ஒருவருடைய நாட்குறிப்பே அவருக்கு எதிரான சாட்சியாகக்கூடும் என்ற அச்சம் இருந்தது. அந்தத் தலைமுறை எழுதாமல் விட்டதை நாம் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது எல்லை இன்னும் முக்கியம். அடிப்பதும் ஏமாற்றுவதும் வற்புறுத்துவதும் அகம் ஆகா. அவை நடந்த இடம் படுக்கையறையாக இருந்தாலும் அவை புறச்செய்திகள். பெயரோடும் தேதியோடும் எழுதி வைக்கப்பட வேண்டியவை, காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் சொல்லப்பட வேண்டியவை. ‘வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது’ என்ற பழக்கத்தைக் காட்டி வாயடைப்பவர்களுக்கு நான் சொன்ன விதி ஒருநாளும் துணை போகாது. பெயர் சுட்டாமை அன்பில் நம்மோடு இருந்தவருக்குக் காட்டும் மரியாதை. தீங்கு செய்தவருக்கு அந்த மரியாதையைக் கொடுக்க வேண்டியதில்லை.

5. எழுதியதை என்ன செய்வது?

ஆனி ஃபிராங்கின் நாட்குறிப்பை அவர் தந்தை ஓட்டோ 1947இல் வெளியிட்டபோது, மகள் தன் உடலைப் பற்றியும் தாயைப் பற்றியும் எழுதிய சில பகுதிகளை விட்டுவிட்டார். ஆனால் கையெழுத்துப் படிகளை அழிக்கவில்லை. அதனால் 1986இல் ஆய்வுப் பதிப்பு வர முடிந்தது. வாரிசுகளுக்கு இதைத்தான் முன்மாதிரியாகச் சொல்வேன். வெளியிடாமல் வைத்திருக்க உங்களுக்கு உரிமை உண்டு, அழிக்காதீர்கள்.

நம்மிடம் வசதிகள் இருக்கின்றன. வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் சிங்கப்பூரர்களின் நினைவுகளைப் பதிந்துவருகிறது. பேசுகிறவர் விரும்பினால் தம் பதிவை யார், எப்போது கேட்கலாம் என்று நிபந்தனை விதிக்க முடியும். தமிழ்க் குடும்பங்களின் ஏடுகளுக்கும் அதே வழியைக் கேட்டுப் பெறலாம். முப்பது ஆண்டுகள் மூடி வைத்துத் திறக்கச் சொல்லலாம். அதற்குள் நோக வேண்டியவர்கள் நோகாமல் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

முடிவாக மூன்று வேண்டுகோள்கள். எழுதுகிறவர்களுக்கு: உங்களைப் பற்றி ஒளிக்காமல் எழுதுங்கள், துணையைப் பற்றி எழுதும் பக்கத்தில் வேம்பு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். குடும்பத்தாருக்கு: பெரியவர்களின் நோட்டுகளைப் பழைய பேப்பரோடு போடுவதற்கு முன் கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். நம் தமிழ் அமைப்புகளுக்கு: ஆண்டுதோறும் பரிசளிக்கும் கவிதை, சிறுகதைப் போட்டிகளோடு, தங்குவிடுதிகளில் இருக்கும் தமிழ் ஊழியர்களும் வீடுகளில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களும் தமிழிலேயே எழுதிய நாட்குறிப்புகளைத் திரட்டிக் காக்க ஒரு திட்டத்தை இந்த ஆண்டே தொடங்குங்கள். வங்க மொழிக்கு ரோவல் ரோட்டின் ஒரு சிறு கூடம் செய்ததைத் தமிழுக்குச் செய்ய இங்கே ஆட்சிமொழித் தகுதியும் அமைப்புகளும் பணமும் இருக்கின்றன. இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை.