வேதப்புத்தகத்தின் ஓரத்தில் ஒரு தேனீ

வேதப்புத்தகத்தில் கலர் பென்சிலால் படம் வரையலாமா? ஞாயிறு பள்ளி நடத்துகிற பலருக்கு இந்தத் தயக்கம் உண்டு. வசனத்துக்குச் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பக்கத்து ஓரத்தில் ஒரு மீன் வரைந்து பாருங்கள், முகம் சுளிப்பவர் நிச்சயம் ஒருவராவது இருப்பார். அந்தச் சுளிப்பைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, 1,300 ஆண்டுகள் பின்னால் போய் வருவோம்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டி லிண்டிஸ்ஃபார்ன் என்று ஒரு சின்னத் தீவு. கடல் வற்றும்போது நடந்தே போய்விடலாம். நீர் ஏறிவிட்டால் வழி இருக்காது. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த மடத்தில் நான்கு நற்செய்திகளையும் லத்தீனில், கன்றுத்தோலில் எழுதினார்கள். எழுதியவர் அத்தீவின் ஆயர் ஈட்ஃப்ரித் என்கிறது பிற்காலக் குறிப்பு ஒன்று. எழுத்து, ஓவியம் இரண்டுமே ஒரே கை என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

அதில் லூக்கா தொடங்கும் பக்கத்தைப் பாருங்கள். முதல் சொல்லே பக்கத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. எழுத்துகளைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள். எண்ணிப் பார்த்தவர்கள் 10,600 என்கிறார்கள்! மார்கழியில் வாசலில் குனிந்து கோலத்துக்குப் புள்ளி வைத்தவர்களுக்கு அந்த உழைப்பு புரியும். ஒரு பக்கத்துக்கு இத்தனை புள்ளி வைத்தவர் அந்த வசனத்தோடு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்! நாமோ ஒரு அதிகாரத்தை ஐந்து நிமிடத்தில் முடித்து, 'இன்றைய பகுதி ஆயிற்று' என்று மூடிவைக்கிறோம்.

ஒவ்வொரு நற்செய்திக்கும் முன்னால் ஒரு சொல்கூட இல்லாத பக்கமும் உண்டு. பக்கம் முழுக்கப் பின்னல்கள், பறவைகள், அவற்றுக்குள் சிலுவை. சில பக்கங்களில் அது சட்டென்று கண்ணில் படாது, தேடித்தான் எடுக்கவேண்டும். புத்தகத்தில் தீட்டியிருக்கும் நீல நிறம் ஆப்கானிஸ்தானத்து நீலக்கல் என்று வெகுநாள் நம்பினார்கள். சோதித்துப் பார்த்தபோது அது செடியிலிருந்து எடுத்த அவுரி வகை நீலம் என்று தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கடுத்த கட்டம். சுமார் 250 ஆண்டுகள் கழித்து, ஆல்ட்ரெட் என்ற குரு அதே புத்தகத்தை எடுத்து, லத்தீன் வரிகளுக்கு நடுவில் தம் மக்களின் மொழியில் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிவைத்தார். இன்றைக்கு எந்த நூலகத்திலாவது இப்படிச் செய்தால் விடுவார்களா? ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் ஆங்கில நற்செய்திகளில் மிகப் பழையது அந்தக் கிறுக்கல்தான்.

அச்சு வந்த பிறகும் வேதப்புத்தகத்தில் படம் சேர்க்கும் பழக்கம் விடவில்லை. 1522-இல் லூத்தர் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், வெளிப்படுத்தின விசேஷத்துக்கு மட்டும் ஓவியர் கிரானாக்கின் பட்டறையில் செய்த 21 மரச்செதுக்குப் படங்கள். மிருகத்தின் தலையில் போப்பின் மும்முடி! எதிர்ப்புக் கிளம்பியதும், அதே ஆண்டு டிசம்பர் பதிப்பில் அதைச் சாதாரண முடியாகச் செதுக்கிக் குறைத்துவிட்டார்கள். படங்கள் அச்சானது கறுப்புக் கோடாக மட்டும். வசதி உள்ளவர்கள் ஆள் வைத்து வண்ணம் தீட்டிக்கொண்டார்கள். விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோமே வண்ணம் தீட்டும் தாள், அதற்கு இவை பாட்டன் முறை.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மடம், 1998-இல் முழு வேதாகமத்தையும் கையால் எழுதும் பொறுப்பை எழுத்துக் கலைஞர் டொனால்ட் ஜாக்சனிடம் கொடுத்தது. வாத்து இறகுப் பேனா, கன்றுத்தோல், பொன்தகடு என்று எல்லாம் பழைய முறைதான். முடிய 2011 ஆயிற்று. அதில் 'சாலமோனின் ஞானம்' என்ற நூலை எழுதும்போது ஒரு வரி விட்டுப்போய்விட்டது. தோலைச் சுரண்டி ஓர் எழுத்தைத் திருத்தலாம், முழு வரியை எங்கே நுழைப்பது? விட்ட வரியைப் பக்கத்தின் அடியில் எழுதினார்கள். அதற்கு மேலே ஒரு தேனீயை வரைந்தார்கள். கிணற்றில் வாளி இறைப்பதுபோலக் கப்பியும் கயிறும் போட்டு, அந்த வரியை அது சேரவேண்டிய இடத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது தேனீ.