ஆறும் ஊரும் ஒரே வரைபடத்தில்

பெற்றோர்களே, மாலை வகுப்பு ஆசிரியர்களே,

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எகிப்தைப் பற்றிக் கேட்டேன். நைல், பாலைவனம், பருத்தி என்று மடமடவென ஒப்பித்தார்கள். மக்கள் எங்கே வசிக்கிறார்கள் என்றதும் மௌனம். ஆற்றை ஒரு நாளும் மக்கள்தொகையை வேறொரு நாளும் நடத்தினால் அப்படித்தான் ஆகும்.

நைல் வரைபடத்தின் மேல் மக்கள்தொகை வரைபடத்தை வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர் நாட்டில், நூற்றுக்கு 90 பேருக்கு மேல் ஆற்றங்கரையிலும் கழிமுகத்திலும் நெருங்கி வாழ்வதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பிறகு 1970இல் கட்டி முடித்த அஸ்வான் உயர் அணையைக் காட்டுங்கள். வெள்ளம் அடங்கியது, மின்சாரம் வந்தது. ஆனால் வயலுக்கு வந்த வண்டல் அணைக்குள்ளேயே தங்கிவிட்டது; விவசாயி உரத்தை நம்ப வேண்டியதாயிற்று. நூபியர்களின் ஊர்கள் மூழ்கின. அவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.

டிரேசிங் தாளுக்கான செலவை அறக்கட்டளை ஏற்கும். நைலின் நீளத்தை அப்புறம் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.