பிள்ளையின் குணமும் மருந்தின் அளவும்

(மஹல்லா மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



"பிள்ளை ஓரிடத்தில் அமர்வதில்லை, கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிகிறான், இதற்கு நல்ல மருந்து எது?" என்று கேட்டு வரும் பெற்றோர் பலர். இக்கேள்விக்கு ஒரு மருந்தின் பெயரை மட்டும் விடையாகச் சொல்லிவிட இயலாது. அது ஏன் என்பதை விளக்கவே இங்கு நிற்கிறேன்.

முரட்டுக் குணம் என்பது ஒரு நோயின் பெயரன்று. காய்ச்சலைப் போல அது ஓர் அறிகுறி. காது மந்தமான பிள்ளையும் நமக்குச் 'சொல்பேச்சுக் கேளாத' பிள்ளையாகவே தோன்றும். மூக்கின் பின்புறச் சதை வளர்ந்து இரவெல்லாம் குறட்டை விடும் பிள்ளை பகலில் சிடுசிடுக்கும். எழுத்துகளைப் பிரித்தறியத் திணறும் பிள்ளை, அவமானத்திற்கு அஞ்சி வகுப்பில் குறும்பு செய்து தப்பிக்கப் பார்க்கும். சில நொடிகள் வெறித்துப் பார்த்து நிற்கும் ஒருவகை வலிப்பும் உண்டு. அதனைக் கவனமின்மை என்று எண்ணி அடித்துத் திருத்த முயல்வோர் உளர். ஆகவே முதல் நாளே மாத்திரை எழுதித் தராத மருத்துவரைக் குறைகூற வேண்டாம். அவர் வகுப்பாசிரியரின் குறிப்பையும் உஸ்தாதின் குறிப்பையும் கேட்டால், அதுவும் பரிசோதனையே. 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதல் மருத்துவம் மாத்திரையன்று. பிள்ளையை நடத்தும் முறையில் பெற்றோருக்கு அளிக்கப்படும் பயிற்சியே.

இவையனைத்தும் பார்த்த பின்னர், ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு உறுதியானால், 6 வயதுக்கு மேற்பட்டோர்க்குப் பெரும்பாலும் முதலில் தரப்படுவது மெத்தில்பெனிடேட். "தூக்க மாத்திரை கொடுத்துப் பிள்ளையை மயக்கி வைக்கிறார்கள்" என்று நம்மிடையே பேச்சு உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. இது ஊக்கமருந்து வகையைச் சேர்ந்தது. 1937இல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர், இவ்வகையைச் சேர்ந்த வேறொரு மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது, அவர்கள் பள்ளிப் பாடத்தில் ஊன்றி அமரக் கண்டு வியந்தார். மூளையின் முன்பகுதியில் டோபமைன், நோர்அட்ரினலின் ஆகியவற்றின் செயலை இது கூட்டுகிறது. கடிவாளம் பிடிக்கும் பகுதி அதுவே. பிள்ளை மந்தமாகி, சிரிப்பிழந்து பொம்மைபோல் அமர்ந்திருந்தால், அது மருந்தின் வெற்றியன்று. அளவு மிகுந்துவிட்டது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம்.

அளவு என்று சொன்னேன். சிக்கல் முழுவதும் அங்கேதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 10 மில்லிகிராம் போதும். அதே எடையுள்ள நம் பிள்ளைக்கு அதன் இருமடங்கு தேவைப்படலாம். எனவே குறைந்த அளவில் தொடங்கி, வாரந்தோறும் பார்த்துப் பார்த்து ஏற்றுவதே முறை. 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. 7 முதல் 9 வயது வரையிலான 579 பிள்ளைகளை 14 மாதங்கள் அதில் கண்காணித்தனர். ஒரு பிரிவினருக்கு முதல் மாதம் முழுவதும் பல அளவுகளைக் கொடுத்துப் பார்த்து, உகந்ததைத் தேர்ந்து, பின் மாதந்தோறும் சந்தித்தனர். மற்றொரு பிரிவினர் வழக்கம்போல் வெளி மருத்துவர்களிடம் சென்றனர். அவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் மருந்து உண்டவர்களே. எனினும் முதற்பிரிவினர் அடைந்த முன்னேற்றத்தை அவர்கள் அடையவில்லை. மருந்தோடு நடத்தைப் பயிற்சியும் பெற்ற இன்னொரு பிரிவினருக்குக் குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. ஆய்வாளர்களின் கவனிப்பு 14ஆம் மாதத்தில் முடிந்தது. 3ஆம் ஆண்டில் பிரிவுகளுக்கிடையே இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீட்டைப் புதுப்பித்து வாங்கிவரும் வழக்கம் நம்மிடையே இருப்பதால் இதனை வலியுறுத்திச் சொல்கிறேன்.

தாய்மார்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மாத்திரை கொடுத்த நேரம், உணவு, உறக்கம், தலைவலி, வயிற்றுவலி, மாலையில் அழுகை ஆகியவற்றைக் குறியுங்கள். பசி குறைவதே மிகுதியாகக் காணப்படும் பக்கவிளைவு. காலை உணவை முடித்தபின் மாத்திரை கொடுத்து, இரவில் நிறைவாக உண்ணச் செய்வது பலருக்கு உதவுகிறது. எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் அவ்வப்போது அளக்க வேண்டும். அளக்காவிடில் நீங்களே கேளுங்கள். இதயக் கோளாறோ, இளவயதில் திடீர் மரணமோ குடும்பத்தில் இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மெத்தில்பெனிடேட் ஒத்துக்கொள்ளாதோர்க்கு அட்டோமோக்செட்டின் உண்டு. முன்னது ஒரு மணி நேரத்திற்குள் வேலை செய்யும். இதற்கோ பல வாரங்கள் ஆகும். பத்து நாளில் "பலனில்லை" என்று நிறுத்திவிடுவோர் அதனைச் சோதித்தவர்களே அல்லர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கடும் சினத்திற்கு ரிஸ்பெரிடோன் தரப்படுகிறது. 2006இல் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. பயனுள்ளதே, ஆனால் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் ஏற்றக்கூடியது. மற்ற வழிகளை முயன்ற பின்னரே அதனை நாட வேண்டும் என்பது என் கருத்து. நெடுநாள் உண்டபின் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தவும் கூடாது.

ஓதிப்பார்ப்பதை நான் தடுக்கவில்லை. துஆச் செய்வதோடு மருத்துவமும் நடக்கட்டும். ஆனால் கட்டி வைப்பதும் அடிப்பதும் எப்பெயராலும் மருத்துவமாகா. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் கருகி மாண்டதை நாம் மறக்கலாகாது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடைசெய்துள்ளது.

ரமளானைப் பற்றியும் கேட்கிறார்கள். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையன்று. மாத்திரையால் பகலில் பசியே தெரியாமலிருக்கும் பிள்ளை ஆர்வத்தால் நோன்பு வைத்தால், எடை இன்னும் குறையும். பருவமடைந்தோர், பிறை பார்ப்பதற்கு ஒரு மாதம் முன்னரே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கலந்து, மாத்திரையின் வேளையை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். சபையில் கேட்கத் தயங்கும் தாய்மார்கள், பெயர் குறிப்பிடாமல் சீட்டில் எழுதி அனுப்பினால் போதும்.