திராட்சைத் தடிக்கும் ஒரு தவறணை
(மாதர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



ஒரு இலை, ஒரு கணு. அந்தச் சின்னத் தண்டைப் பொலித்தீன் பையில் குத்தி, மலை மலையாக வீ.பீ. தேயிலையை உண்டாக்கியது நம்முடைய கைகள்தான். அதே கையால் நம் வாசலில் ஒரு பழக்கொடி வளர்க்க முடியாதா? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தோம்.

முதலில் நாங்கள் தோற்ற கதை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் 10 திராட்சைத் தடிகள் கொண்டுவந்து தந்தார். தேயிலைத் தண்டுதானே என்ற நினைப்பில் மண்ணை எந்நேரமும் சொதசொதவென்று வைத்திருந்தோம். துளிர் வந்ததும் ஒரே சந்தோசம். வேர் விட்டிருக்கிறதா என்று தினமும் இழுத்துப் பார்த்தோம். கடைசியில் பத்தும் கறுத்து அழுகிப் போச்சு. துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தடிக்குள் இருக்கிற சத்திலேயே கண் முளைத்துவிடும். வேர் பிறகுதான் வரும்.

இரண்டாம் தடவை இப்படிச் செய்தோம். கவ்வாத்துப் பண்ணும்போது விழுகிற தடியில், முற்றிப் பழுப்பு நிறமானதாக, பென்சில் மொத்தத்தில் எடுக்க வேண்டும். இலை வேண்டாம். 3 அல்லது 4 கணு இருக்கட்டும். அடிப்பக்கம் கணுவுக்குக் கீழே நேராகவும், மேல்பக்கம் கணுவுக்கு ஒரு அங்குலம் மேலே சரிவாகவும் வெட்டுங்கள். அப்போதுதான் தலைகீழாகக் குத்திவிட மாட்டோம்.

நமது தேயிலை மண் புளிப்பு மண். திராட்சைக்கு அது ஆகாது. ஆற்று மணலும் மக்கிய குப்பையும் சரிபாதி கலந்து, அடியில் ஓட்டை போட்ட பையில் நிரப்புங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். நிழலில் வைத்து, மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். களைமருந்து இருந்த கேனைத் தண்ணீர் ஊற்ற எடுக்கவே கூடாது.

6 முதல் 8 வாரம் பொறுங்கள். இழுக்க வேண்டாம், பையின் ஓட்டையில் வெள்ளை வேர் தெரியும். அப்போது பையைக் கிழித்து, மண் உதிராமல் பெரிய உரப்பைக்கு மாற்றுங்கள். ஒரு கம்பு நட்டுக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள். புது வேர் பிடிக்கும் வரை உரம் போட வேண்டாம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். பனியும் மழையும் ஓயாத மேல்மலையில் திராட்சைக்குப் பூஞ்சண நோய் அதிகம். பழத்தை நம்ப முடியாது. வெயில் கூடிய ஊவாப் பக்கத்துத் தாழ்ந்த தோட்டங்களில் முயன்று பார்க்கலாம். அங்கேயும் பழம் காண ஒன்றரை, இரண்டு வருசம் ஆகும்.

"லயம் நமக்குச் சொந்தமா, எதற்கு இந்த வேலை?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பையில் இருக்கிற செடியை, நாளைக்குத் தனி வீடு கிடைத்தால் தூக்கிக்கொண்டே போகலாம். அதுவரைக்கும் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றட்டும்.