தீபாவளியும் துயருற்ற இல்லங்களும்



தீபாவளி நெருங்கும் வேளையில் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவதே வழக்கம். அன்று மகிழ முடியாதவர்களைப் பற்றிச் சிறிது பேச விரும்புகின்றோம்.

பண்டிகை நாளில் எல்லோரும் சிரித்தேயாக வேண்டுமென்று எமது முன்னோர் விதிக்கவில்லை. இறப்பு நேர்ந்த வீட்டார் ஆட்டைத் திவசம் முடியும்வரை பண்டிகை கொண்டாடுவதில்லை. பலகாரம் சுடுவதில்லை, புத்தாடை எடுப்பதில்லை. துயரப்படுவோருக்கு ஓராண்டு அவகாசம் தந்த இவ்வழக்கம் நல்லதென்றே கருதுகின்றோம். ஆனால் நடப்பது என்ன? "அவர்களுக்கு இம்முறை தீபாவளி இல்லை" என்று சொல்லி, அயலார் அந்த வீட்டுப் படலையைத் திறவாமலே போய்விடுகிறார்கள். துடக்கோ 31ஆம் நாள் அந்தியேட்டியோடு கழிந்துவிடுகிறது. அதன் பின்னும் ஒதுங்கி நிற்பதற்கு அதைக் காரணங்காட்ட இடமில்லை. கொண்டாட்டம் இல்லாத வீடு வேறு. ஆள் போகாத வீடு வேறு.

அந்தியேட்டியே செய்ய முடியாத வீடுகளும் உண்டு. போர் 2009இல் முடிந்தது. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் போராடத் தொடங்கினர். பிள்ளைக்குத் திதி கொடுக்கவும் அத்தாய்மாருக்கு மனம் ஒவ்வாது. வருவானென்று நம்பியிருக்கவும் வலு இராது. அவர்களுக்கு நாம் தத்துவம் சொல்லப் போக வேண்டாம். மகன் எந்தப் பலகாரத்தை விரும்பி உண்பான் என்று கேட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டிருந்தாற் போதும்.

இன்னொரு துன்பத்தை நாமே தேடிக்கொள்கிறோம். நகையை அடகு வைத்து உடுப்பெடுத்தவர், தை பிறந்த பின்னும் வட்டி கட்டுகிறார். அயல்வீட்டாரைப் பார்த்துச் செய்த செலவுதான்!

இளைஞர்கள் இருவர் இருவராகச் செல்லுங்கள். தீபாவளியன்று மட்டுமன்றி மறுநாளும் செல்லுங்கள். பண்டிகையன்று வெளிநாட்டுப் பிள்ளைகள் தொலைபேசியிலாவது பேசுவார்கள்; மறுநாள்தான் வீடு வெறிச்சோடிக் கிடக்கும். ஊணுறக்கமின்றி, "இனி ஏன் இருக்க வேண்டும்" என்று ஒருவர் சொல்வாராயின், திருநீறு பூசி ஆறுதல் கூறிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கூடவே இருங்கள், வீட்டாருக்குச் சொல்லுங்கள், வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம். மனநோய்க்கு மருந்தெடுப்பதை வெட்கமென எண்ணும் பெரியவர்கள் இச்சபையிலும் இருக்கக்கூடும். அவர்களோடு நாம் உடன்படவில்லை.

எந்த வீட்டுக்கு யார் செல்வதென்பதை இன்று கலையுமுன்னரே பேசிக்கொள்வோம். பலகாரத்துக்கு மா இடிப்பதை மகளிர் தலையில் மட்டும் சுமத்தாமல் இளைஞர்களும் வருவீர்களென எதிர்பார்க்கின்றோம்.