அளவறிந்து உண்ணல்: சிறுநீரக நோயாளருக்கான உணவு நெறி

(வெள்ளிமலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சமணப் புலவர் காரியாசான் தம் நீதிநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்கள் கூடி உடற்பிணியைத் தீர்ப்பதுபோல, பாடல்தோறும் அமைந்த ஐந்து கருத்துகள் உள்ளப்பிணியைத் தீர்க்கும் என்பது அப்பெயரின் குறிப்பு. திருவள்ளுவரோ மருந்து என்னும் அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயரையும் சொல்லவில்லை. உண்ணும் அளவையும் காலத்தையுமே அங்கு வற்புறுத்துகிறார். நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு அவ்வறிவுரை மிக நன்றாகப் பொருந்தும். இந்நோயில் நல்ல உணவு, தீய உணவு என்னும் பாகுபாடு பெரிதன்று. யாருக்கு, எந்நிலையில், எவ்வளவு என்பதே பெரிது.

மனிதருக்குச் சிறுநீரகங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. நாளொன்றுக்கு அவை வடிக்கும் நீர் சுமார் 180 லிட்டர். அதில் பெரும்பகுதியை உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ள, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. அழிந்த வடிகட்டிகள் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியவை கூடுதல் சுமையைத் தாங்கி உழைப்பதால், நோய் முற்றும்வரை பலருக்கு வலியோ வேறு அறிகுறியோ தோன்றுவதில்லை. வடிகட்டும் திறன் 60க்குக் கீழே மூன்று திங்களுக்கு மேல் நின்றால், அல்லது சிறுநீரில் புரதம் தொடர்ந்து ஒழுகினால், அது நாள்பட்ட சிறுநீரக நோய் எனப்படும். திறன் 15க்குக் கீழே இறங்கினால் இரத்தச் சுத்திகரிப்போ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும் கட்டம் நெருங்குகிறது.

கல்வராயன் மலைவாழ் மக்களுக்கு அக்கட்டம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை மலையிறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து கிடக்க வேண்டும். மீண்டும் மலையேற வேண்டும். நோயாளியோடு துணைக்குச் செல்பவரின் கூலியும் போய்விடுகிறது. உணவு நெறியால் இந்நாள் சில ஆண்டுகள் தள்ளிப்போகுமாயின், அந்த ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் உழவையும் பிள்ளைகளின் படிப்பையும் காக்கும்.

முதலில் உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு அமைய வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் அறிவுரை. சாம்பாரில் குறைத்துவிட்டு ஊறுகாயில் சேர்த்தால் பயனில்லை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியமே. வற்றல், வடகம், கருவாடு, பொட்டலத் தின்பண்டம் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்துப்பு தீங்கற்றது என்பது பரவலான நம்பிக்கை. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரக நோயாளருக்கு அது சாதாரண உப்பினும் கேடு தரலாம். சமண நெறியின் புறத்தவம் ஆறனுள் இரசபரித்தியாகம் ஒன்று. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு என விடத்தக்க சுவைப்பொருள்களை எண்ணும்போது உப்பும் அவற்றுள் வைக்கப்பட்டிருக்கிறது. நோன்புநாளில் உப்பை விடப் பழகிய நாவுக்கு, நாள்தோறும் அதைக் குறைப்பது கடினமன்று.

இரண்டாவது புரதம். தவறான புரிதல் மிகுதியும் இங்குதான். 1940களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர் என்னும் மருத்துவர், சோறும் பழமும் சர்க்கரையுமே கொண்ட உணவைச் சிறுநீரக நோயாளருக்கும் உயர் இரத்த அழுத்தம் உடையோருக்கும் அளித்தார். பலருக்கு அழுத்தம் தணிந்தது. எனினும் அக்கடுமையை நெடுநாள் தாங்கியோர் சிலரே. பின்னர் 840 நோயாளரைக் கொண்டு நடந்த பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. புரதக் குறைப்பால் கிட்டும் நன்மை எதிர்பார்த்ததினும் சிறிது என்று அது காட்டியது. இன்றைய அறிவுரை நடுவழியை நாடுகிறது: நோய் நடுநிலையை எட்டியபின், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.8 கிராம் புரதம்.

60 கிலோ எடையுள்ளவருக்கு இது 48 கிராம் ஆகும். 250 கிராம் அரிசியில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. 50 கிராம் துவரம்பருப்பில் 11 கிராம். 300 மில்லி பாலிலோ தயிரிலோ 10 கிராம். காய்கறியில் எஞ்சிய சில கிராம். ஆகவே மரக்கறி உண்போர் பருப்பை அறவே நீக்க வேண்டியதில்லை. கூட்டும் சுண்டலும் வடையும் ஒரே நாளில் குவியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரத்தச் சுத்திகரிப்பு தொடங்கியபின் இக்கணக்கு தலைகீழாகிறது. சுத்திகரிப்பின்போது உடலிலிருந்து புரதக்கூறுகள் வெளியேறுவதால், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். பழைய கட்டுப்பாட்டையே பற்றிக்கொண்டு கஞ்சியோடு நாள்கழிப்போர் தசை கரைந்து, தொற்றுநோய்க்கு எளிதில் ஆட்படுகின்றனர். நோய்நிலை மாறும்போது உணவுச்சீட்டும் மாற வேண்டும் என்பதை வீட்டில் சமைப்போர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது பொட்டாசியம். இரத்தத்தில் இது 3.5 முதல் 5 வரை இருத்தல் இயல்பு. மிகுந்தால் முன்னறிவிப்பின்றி இதயத்துடிப்பு தடுமாறும். இளநீர், வாழைப்பழம், கீரை, புளி, பலா, மரவள்ளி என மலையும் சமவெளியும் விரும்பி உண்பவை பலவற்றில் இது மிகுதி. இரத்தத்தில் அளவு கூடாதவர் இவற்றை விடத் தேவையில்லை. கூடியவர்கூட மரவள்ளியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சிறிதளவு உண்ணலாம். பொட்டாசியத்தின் கணிசமான பகுதி நீரோடு போய்விடும். கீரைக்கும் இதுவே முறை. சாமையும் தினையும் சர்க்கரை நோயாளருக்கு ஏற்ற நார்ச்சத்து உடையவை. வெள்ளரிசியினும் பாஸ்பரஸ் அவற்றில் கூடுதல் என்றாலும், தானியத்திலுள்ள பாஸ்பரஸை உடல் முழுதும் ஏற்பதில்லை. புட்டிக் குளிர்பானங்களிலும் பதப்படுத்திய உணவுகளிலும் சேர்க்கும் பாஸ்பேட்டோ பெரும்பாலும் அப்படியே உடலில் சேர்கிறது. எனவே முதலில் விடவேண்டியது சாமைச் சோறன்று, குளிர்பானமே.

நான்காவது நீர். 2023இல் தமிழகத்தின் 125 சிற்றூர்களில் 3,350 வேளாண் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில், 20 பேரில் ஒருவருக்குச் சற்று மேலாக இந்நோய் காணப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் தென்படவில்லை. வெயிலில் நெடுநேரம் உழைப்பதும் காரணங்களுள் ஒன்றாகலாம் என்று ஐயுறப்படுகிறது. ஆகவே நலமுள்ள உழைப்பாளர் வெயிலில் தாராளமாக நீர் அருந்த வேண்டும். ஆனால் நோய் முற்றிச் சிறுநீர் குறைந்தவருக்கு அதே நீர் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும். முதல்நாள் கழித்த சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்து அருந்துவது அத்தகையோருக்குரிய பொதுக்கணக்கு. நீரும் அருந்தாத நோன்பு, நலிந்த சிறுநீரகத்தை மேலும் நலியச் செய்யக்கூடும். நோயுற்றோர் மருத்துவரைக் கேளாமல் அதனை மேற்கொள்ளலாகாது.

நெருஞ்சிக் குடிநீரும் வாழைத்தண்டுச் சாறும் இவ்விடத்தில் எண்ணத்தக்கவை. நீர்க்கடுப்புக்குப் பயன்பட்டவை என்பதால் அவை சிறுநீரகச் செயலிழப்பைத் தீர்க்கும் என்று கொள்வது பிழை. வாழைத்தண்டுச் சாறு பொட்டாசியத்தைக் கூட்டலாம். நட்சத்திரப்பழத்தை இந்நோயாளர் தொடவே கூடாது; அதிலுள்ள நச்சு வெளியேற வழியின்றி மூளையைத் தாக்கும். மூட்டுவலிக்குத் தாமே வாங்கி விழுங்கும் வலிநீக்கி மாத்திரையும், உலோகம் கலந்த பெயரறியாப் பொடிகளும் எஞ்சிய வடிகட்டிகளை அழிப்பவை.

உணவு தனித்து நின்று பயன்தராது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்க வேண்டும். சென்னையைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி, ஊர்ப்புறத்தில் சுமார் 25,000 மக்களிடையே இதனைச் செயலில் காட்டினார். பள்ளிப்படிப்பு முடித்த பெண்கள் பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்றனர். இரத்த அழுத்தம் பார்த்தனர். சிறுநீரில் எளிய வேதிக்கரைசலைச் சேர்த்துப் புரதமும் சர்க்கரையும் உண்டா என்று சோதித்தனர். மலிவான பழைய மருந்துகளே கொடுக்கப்பட்டன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே இன்று அழுத்தத்திற்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள் வீட்டுவாயிலுக்கே வருகின்றன. வந்த மாத்திரையை நாள்தோறும் உட்கொள்வதே வீட்டாரின் கடமை.

சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உடையவரும், குடும்பத்தில் சிறுநீரக நோய் கண்டவரும் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் புரதத்தையும் இரத்தத்தில் கிரியேட்டினினையும் சோதித்துக்கொள்ள வேண்டும். நோய் கண்டவர் ஒவ்வொரு சோதனைத்தாளையும் சேர்த்துவைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். பொட்டாசியம் எவ்வளவு, புரதம் எவ்வளவு உண்ணலாம், நீர் எவ்வளவு அருந்தலாம் என்னும் மூன்று வினாக்களையும் கேட்டுக் குறித்துவர வேண்டும். அக்குறிப்பு அடுக்களையில், சமைப்பவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். அயல்வீட்டு நோயாளியின் பட்டியலைப் பார்த்துச் சமைத்தல் கூடாது. அவருடைய அளவு வேறு.