கைப்பிடி அரிசியும் கோயில் வராந்தாவும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மாசக் கூட்டத்துல ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க: "நாம எல்லாச் சாதியும் எல்லா மதமும் சேர்ந்த குழு. நாம ஏன் வேதக்கோயில் வராந்தாவுல உட்காரணும்? எங்க வீட்டுக்காரரு இனிமே அங்க போகாதங்காரு." அன்னைக்கு நாங்க பதில் சொல்லல. கடன் வசூல் எழுதிக்கிட்டு இருந்தோம், நேரமும் ஆயிட்டு. ஆனா அது தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. அந்த அக்கா நின்னா கூடவே நாலு பேர் நிப்பாங்க. பிறகு குழு ஏது?

நாங்க அங்கே போய் உட்கார்ந்த கதையைப் புதுசா சேர்ந்தவங்களுக்குச் சொல்லணும். குழு ஆரம்பிச்சப்போ நமக்கு இடம் இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தா மழை, ரேஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்தா ஆம்பளைங்க கேலி. கோயிலைச் சேர்ந்த பள்ளிக்கூட வராந்தாவைக் கேட்டோம். சபைக் கமிட்டியில் ஒருத்தர், ஜெபம் பண்ணித்தான் கூட்டம் ஆரம்பிக்கணும்னு சொன்னார். எங்களில் அம்மன் கோயிலுக்கு விளக்குப் போடுறவங்களும் உண்டு, பள்ளிவாசல் தெருக்காரங்களும் உண்டு. அது சரிப்படாதுன்னு சொல்லிட்டோம். பயந்துக்கிட்டேதான் சொன்னோம். ஐயர் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "ரெண்டு நிமிஷம் அமைதியா இருந்துட்டு ஆரம்பிங்கம்மா, அவங்கவங்க சாமியை அவங்கவங்க நினைச்சுக்கிடட்டும்" என்றார். அது நம்ம தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கு. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நடக்குது. அந்த அக்கா வீட்டுக்காரருக்கு முதலில் இதைச் சொல்லுங்க.

இன்னொண்ணு. கோயில் ஊருக்குச் செய்யறதைப் பிச்சை போடுறதுன்னு நினைக்கவேண்டாம். சபைப் பெண்கள் உலை வைக்கும்போது களைந்த அரிசியில் கை வைக்கறதில்லை. அளந்ததும், களையறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுறாங்க. ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாங்க. அதை விற்ற காசு ஊழியத்துக்கும் இல்லாதவங்களுக்கும் போகுது. மிசோரம் மலையிலும் சபைப் பெண்கள் 1910 முதல் இதையே செய்து பெரிய தொகை சேர்க்கிறாங்களாம். நம்ம சேமிப்பு வேற என்ன? குழுவில் சேர்ந்த புதுசில் சந்தாவுக்குக் காசு இல்லாம எத்தனை பேர் அரிசியைத்தானே மிச்சம் பிடிச்சோம்!

ரேந்தைக் கதை தெரியுமா? நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனெரி அம்மா பள்ளிப் பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டில் ஊசி குத்தி, நூல் சுற்றின கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுற வேலை. கண்ணு போகிற வேலையும்தான். அப்போ திருவிதாங்கூரில் மனுஷரை விற்று வாங்கின காலம். அடிமைப் பெண்கள் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டாங்க. அரசாங்கம் அடிமை முறையை ஒழித்தது 1855இல்தான். அதற்கு முன்னாலேயே ஒரு பெண் தன் கைக்காசில் தன்னை விடுவித்திருக்கிறாள் என்றால், நாம உள்கடனுக்கு ஏன் தயங்கணும் என்று எங்களுக்குத் தோணுது.

அந்த மார்த்தாவின் மகள்தான் எலைசா. 1844இல் கால்டுவெல் ஐயரைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்கு வந்தார். தேரிக்காட்டில் பனையை நம்பியிருந்த ஊர் அது. அம்மாவிடம் கற்ற ரேந்தையை இங்கே பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார், படிக்கவும் வைத்தார். கால்டுவெல்லின் இலக்கணப் புத்தகத்தை எல்லாரும் சொல்றாங்க. அவர் மனைவி கொடுத்த கைத்தொழிலை யாரும் மேடையில் சொல்றதில்லை. நாங்க சொல்றோம்.

நெய்யூர் ஆஸ்பத்திரியும் அப்படித்தான். எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் 1922இல் அங்கே காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, சீமை வேலையை விட்டு இங்கேயே தங்கினார். நம்ம பாட்டிமாரில் அங்கே போய்க் கண் திறந்தவங்க, வயிறு ஆறினவங்க உண்டு. என்ன மதம்னு கேட்டா சீட்டு கொடுத்தாங்க?

2020 ஊரடங்கை நாம மறக்கமுடியாது. செங்கல் சூளையில் வடக்கத்திப் பிள்ளைங்க அடுப்பு எரியாம கிடந்தாங்க. அவங்களுக்கு இங்கே கார்டு ஏது? கைப்பிடி அரிசிப் பானை அன்னைக்குத்தான் மொத்தமாக் கவிழ்ந்தது. நம்ம குழுக்கள் காய்கறி கொடுத்தது. முகக்கவசம் தைக்க நம்ம தையல் மிஷின்களை வைக்க அதே வராந்தாதான்.

இவ்வளவு சொல்லிட்டு மனசில் இருக்கற ஒண்ணை மறைச்சா சரியில்லை. அரிசி கொண்டுவர்றது பெண்கள், அசனத்துக்கு வெங்காயம் உரிக்கிறது பெண்கள், அறுப்புப் பண்டிகை ஏலத்துக்குக் கோழியும் முருங்கைக்காயும் கொண்டுவந்து வைக்கிறதும் பெண்கள். கணக்கு வாசிக்கிற மேசையில் யார் உட்கார்றாங்க? 1947இல் ஏற்பட்ட தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் பேராயராவதற்கு 2013 வரை ஆயிற்று. நந்தியாலில் புஷ்பலலிதா அம்மா ஆனார்கள். நம்ம ஊர் கமிட்டிக்கு இன்னும் எத்தனை வருஷமோ! இது அவங்க வீட்டு விஷயம், நமக்கென்னன்னு சிலர் சொல்லலாம். ஆனா சபையில் இருக்கற அக்காமார்தான் நம்ம குழுவில் பேரேடு எழுதுறாங்க, பேங்கில் மானேஜரோடு பேசுறாங்க. இங்கே வாசிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அங்கே வாசிக்கத் தெரியாதா? போன வாரம் ஐயரம்மாகிட்ட இதைச் சொன்னோம். சிரிச்சாங்க, இல்லைன்னு சொல்லல. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசுறேன்னு சொல்லியிருக்காங்க. கேட்டுக்கிட்டே இருப்போம்.

கேள்வி கேட்ட அக்கா இன்னைக்கு வந்திருக்காங்க, பின்வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. வீட்டுக்காரரையும் ஒரு நாள் கூட்டிக்கிட்டு வாங்கக்கா. கூட்டம் எப்படி ஆரம்பிக்குதுன்னு அவரும் உட்கார்ந்து பார்க்கட்டும். அவருக்கும் ஒரு டம்ளர் காப்பி உண்டு.

அடுத்த மாசம் அசனம் வருது. அன்னைக்கு வராந்தா முழுக்க அண்டாவும் இலைக்கட்டுமா இருக்கும். அதனால நம்ம கூட்டம் ரெண்டு நாள் தள்ளி, புதன்கிழமை மூணு மணிக்கு. பாஸ் புக்கை மறக்காமக் கொண்டுவாங்க.